எல்லாம் தெரிந்த விஷயம்தானே, மார்க் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: பொறியியல் முடித்துவிட்டு எம்.பி.ஏ. முதல் செமஸ்டரில் இருக்கிறேன். மேலாண்மைக் கோட்பாடுகள், நிறுவன நடத்தையியல் இரண்டு பேப்பரையும் படிக்கும்போது கதை மாதிரி சுலபமாக இருக்கிறது. தேர்வில் உட்கார்ந்தால் டெய்லர், ஃபேயோல், மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் என்று கோட்பாடு சொன்னவர்கள் எல்லாரும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறார்கள். கேஸ் ஸ்டடிக்கு நான்கு பக்கம் எழுதியும் பாதி மார்க்கைத் தாண்டவில்லை. எப்படிப் படிப்பது?

பதில்: படிக்கும்போது சுலபமாக இருப்பதுதான் உங்கள் சிக்கலே. கணக்கில் புரியவில்லை என்றால் அடுத்த வரி போடவே முடியாது, உடனே தெரிந்துவிடும். இங்கே அப்படியில்லை. எதைப் படித்தாலும் "ஆமாம், சரிதானே" என்று தலை ஆடிவிடுகிறது, தலை ஆடியதைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுகிறோம். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்கிறோம் இல்லையா, கூட்டாக இழுத்தால் ஆளாளுக்கு வேகம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களை நிஜமாகவே கயிறு இழுக்கவிட்டு அளந்தார், 1913-ல் முடிவுகளை வெளியிட்டார்: ஆட்கள் கூடக் கூட மொத்த விசை கூடியது, ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் குறைந்துகொண்டே போனது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் கொஞ்சம் வீணாகிறது, கூட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கை தளர்வதால் கொஞ்சம். பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தே காட்டினார்கள். அதனால் ஒரு கருத்தைப் படித்ததும் அதற்கு நேர் எதிரானதையும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எதிரானதும் அதே அளவு நியாயமாகத் தோன்றினால் உங்களுக்கு அது இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, பெயர்க் குழப்பம். இவர்கள் சொன்னதை மட்டும் பட்டியலாக வைத்திருந்தால் குழம்பத்தான் செய்யும். யார், எங்கே நின்றுகொண்டு, எந்தத் தலைவலிக்கு மருந்து தேடினார் என்று பாருங்கள். டெய்லர் எஃகு ஆலையில், தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்றவர். ஒரு வேலையைச் செய்யச் சிறந்த வழி எது என்பது அவர் கேள்வி. ஒரு நாளில் 12½ டன் இரும்புப் பாளம் ஏற்றியவர்களை 47½ டன் ஏற்ற வைத்ததாக 1911-ல் எழுதினார் (அந்தக் கதையைப் பிற்கால ஆய்வாளர்கள் நிறையவே சந்தேகித்திருக்கிறார்கள், அது தனி விவகாரம்). ஃபேயோல் 1888 முதல் 1918 வரை ஒரு சுரங்க நிறுவனத்தின் உச்சியில் உட்கார்ந்தவர், முழு நிறுவனத்தையும் எப்படி நடத்துவது என்பதுதான் அவர் கவலை. நிர்வாகத்துக்கான அவருடைய 14 கொள்கைகள் அங்கிருந்து வருகின்றன. வெபர் சமூகவியலாளர், ஓர் ஆணைக்கு மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்று கேட்டார், அதனால்தான் அவரிடம் எல்லாமே விதி, பதவி, அதிகாரம். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். கேள்விகள் வேறு வேறு. கேள்வி மனதில் நின்றால் பதிலை ஓரளவு நீங்களே வருவித்துவிடலாம்.

14 கொள்கைகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஹாதோர்ன் ஆய்வுகளை எல்லாரும் அரைகுறையாகப் படிக்கிறார்கள். 1924 முதல் 1932 வரை, அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் நடந்தவை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, ஆகவே கவனித்தால் மனிதர்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல, பிறகு அந்தத் தரவுகளை மறுபடி அலசியவர்கள் பல ஓட்டைகளைக் காட்டியிருக்கிறார்கள். எனக்குக் கேட்டால் கடைசியில் வரும் 14 ஆண்கள் வேலை செய்த அறைதான் முக்கியம். கூடுதலாகச் செய்தால் கூடுதல் கூலி என்றிருந்தும் அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதைத் தாண்டவில்லை, தாண்டியவரைக் கேலி செய்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். குழு நெறிகள் என்ற அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மாஸ்லோவையும் ஹெர்ஸ்பெர்க்கையும் பிரிப்பது சுலபம். மாஸ்லோ 1943-ல் எழுதியது பொதுவாக மனிதத் தேவைகள் பற்றி, அலுவலகம் பற்றி அல்ல. தேவைகளை ஐந்து படிகளாக அடுக்கி எல்லாரும் வரையும் அந்த முக்கோணம்கூட அந்தக் கட்டுரையில் கிடையாது. ஹெர்ஸ்பெர்க் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் வேலையில் எப்போது மகிழ்ந்தீர்கள், எப்போது நொந்தீர்கள் என்று கேட்டு 1959-ல் எழுதினார். சம்பளம், மேற்பார்வை போன்றவை சரியாக இருந்தால் புலம்பல் நிற்கும், அதற்காக உற்சாகம் வந்துவிடாது என்பது அவர் வாதம். இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு: நல்லது நடந்தால் நம் திறமை, கெட்டது நடந்தால் சூழ்நிலை என்று சொல்வது மனித இயல்பு, அப்படியிருக்க அந்தக் கேள்வியைக் கேட்டாலே பதில் இரண்டாகப் பிரிந்துதானே வரும்? இது நீங்கள் அட்ரிபியூஷன் (நடந்ததற்கு எதைக் காரணமாகச் சொல்கிறோம் என்பது) பாடத்தில் படிக்கும் விஷயமேதான். இப்படி ஓர் அத்தியாயத்தை வைத்து இன்னொன்றைச் சோதித்து எழுதுகிற விடைத்தாள் அபூர்வம், திருத்துபவர் கண்ணில் அது உடனே படும்.

சரி, கேஸ் ஸ்டடி. இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒரு பிரிவில் ஊக்கத்தொகை அறிவித்தார்கள், மூன்று மாதமாகியும் வேலை கூடவில்லை. யாருக்குத் தொகை என்பதை மேலாளரே முடிவு செய்கிறார். பழைய ஊழியர்கள் புதியவர்களிடம் "ரொம்ப ஓடாதே" என்கிறார்கள். பெரும்பாலான மாணவர்கள் மாஸ்லோவின் ஐந்து படிகளை வரைந்துவிட்டு, ஊக்கப்படுத்த வேண்டும், தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும், பயிற்சி தர வேண்டும் என்று முடிப்பார்கள். எந்தக் கேஸுக்கும் ஒட்டும் பதில் இது, அதனால்தான் பாதி மார்க். திறமை போதவில்லை என்று கேஸில் ஒரு வரிகூட இல்லாதபோது பயிற்சி எதற்கு?

முதலில் கேஸில் உள்ள ஆதாரங்களைத் தனிநபர், குழு, நிறுவனம் என்று மூன்றாகப் பிரியுங்கள். மேலாளர் முடிவு செய்கிறார் என்ற வரியை வ்ரூமின் எதிர்பார்ப்புக் கோட்பாட்டில் வைத்துப் பாருங்கள். முயன்றால் வேலை முடியுமா, முடித்தால் பலன் வருமா, அந்தப் பலன் எனக்கு வேண்டுமா என்ற மூன்று கண்ணிகளில் நடுவில் உள்ளது அறுந்திருக்கிறது. "ரொம்ப ஓடாதே" என்பது குழு நெறி, ஹாதோர்னின் அந்த 14 பேர் கதை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு அளவுகோலை எழுதி எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவதற்குத் தனிநபர் தொகையோடு குழுவுக்கும் ஒரு பங்கு வைக்கலாம், ஆனால் உழைக்காமல் ஒட்டிக்கொள்பவர்கள் வருவார்கள், மறுபடி அந்தக் கயிறுதான். எதை முதலில் செய்வீர்கள், ஏன், அதில் என்ன இழப்பு என்று சொல்லுங்கள். மார்க் அங்கேதான் இருக்கிறது.

பொறியியலிலிருந்து வருபவர்களுக்கு ஒரே சரியான விடை வேண்டும் என்ற பழக்கம் இருக்கும். அதை விடச் சொன்னால் சிலர் மறுகோடிக்குப் போய் "சூழ்நிலையைப் பொறுத்தது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்தச் சூழ்நிலை என்று சொல்லாவிட்டால் அது பதிலே இல்லை. பர்ன்ஸ், ஸ்டாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1961-ல் சொன்னதைப் பாருங்கள்: சந்தையும் தொழில்நுட்பமும் நிலையாக இருந்தால் கறாரான படிநிலை அமைப்பு ஓடும், வேகமாக மாறினால் நெகிழ்வான அமைப்பு தேவை. எதைப் பொறுத்தது என்பது அதிலேயே வந்துவிட்டது.

தினமும் செய்யவேண்டியது அதிகமில்லை. ஒரு கோட்பாடு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அரைப் பக்கம் எழுதுங்கள்: யாருடைய சிக்கல், என்ன சொன்னார், எதை வைத்துச் சொன்னார், எங்கே உதைக்கிறது. வாராவாரம் பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கேஸை எடுத்து இரண்டு பக்கத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அப்புறம் அந்த முக்கோணம், கேள்வியில் கேட்டிருந்தால் மட்டும் வரையுங்கள்.