மறுதண்டனை விசாரணைக்கு என் கணவர் நேரில் போகத்தான் வேண்டுமா?

அவர் நேரில் போகத்தான் வேண்டும், சகோதரி. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி வழக்கு கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பியிருக்கிறது, "நேரில் வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்று வக்கீல் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்தைப் போட விடாதீர்கள்.

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கு என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மாநில வழக்கென்றால் விதிகள் மாறும். ஃபெடரல் குற்றவியல் விதி 43-இன்படி தண்டனை விதிக்கும்போது அவர் அங்கே இருக்க வேண்டும். பழைய தண்டனை ரத்தாகிப் புதிதாக விதிப்பதும் அப்படித்தான். ஆனால் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று சொல்லும் வழிகாட்டி அளவுகளைப் பின்னால் குறைத்ததால் கிடைக்கும் சலுகைக் குறைப்பு வேறு. அது முழு மறுதண்டனை ஆகாது என்று 2010-இல் டில்லன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு அவரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் உத்தரவு எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

என் தம்பி பண மோசடி வழக்கில் உள்ளே இருந்தான். ஒரு குற்றச்சாட்டு மேல்முறையீட்டில் விழுந்து, மொத்தத் தண்டனையும் ரத்தானது. அவனுக்கே போக மனமில்லை. கைவிலங்கோடு பஸ், விமானம், இடையில் ஓக்லஹோமா சிட்டியில் கைதிகளை இடம் மாற்றும் மையத்தில் காத்திருப்பு. திரும்பி வந்தால் பழைய அறையும் வேலையும் இருக்குமா என்ற பயம் வேறு. எங்கள் வக்கீலும் "முடிவு ஒன்றுதான்" என்றார். அம்மாதான் விடவில்லை.

முதல் முறை வக்கீல் எழுதித் தந்ததை அப்படியே வாசித்தவன், இந்த முறை தன் வாயால் பேசினான். தண்டனைக்கு முன் அவனை நேராகப் பார்த்து, பேச விருப்பமா என்று நீதிபதி கேட்டாக வேண்டும், அதுவும் விதி. உள்ளே மற்ற கைதிகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பதைச் சொன்னான். யார் வருகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டார். அதற்கெல்லாம் மனுவில் பதில் இல்லை, அவனிடம் இருந்தது. சிறைக்குப் போன பிறகு திருந்தியதையும் மறுதண்டனையில் கணக்கில் எடுக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2011 பெப்பர் தீர்ப்பு.

தண்டனை குறைந்தது. அவன் வராமலே அவ்வளவு குறைந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம், நான் நம்பவில்லை. பணம் இழந்தவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அவர்கள் இருந்த அதே அறையில் நின்றுதான் அவன் மன்னிப்புக் கேட்டான். நேரில் போனால் நீதிபதி தண்டனையைக் கூட்டிவிடுவாரோ என்று பயப்படுகிறீர்களா? மேல்முறையீடு செய்த கோபத்தில் தண்டனையைக் கூட்டக்கூடாது என்று 1969-லேயே பியர்ஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. நீதிபதிக்கு இரண்டு வரி நற்சான்றுக் கடிதம் கேட்டபோது, எங்கள் வீட்டில் வருடக்கணக்காகச் சாப்பிட்ட தமிழ்க் குடும்பங்கள், "விசா பிரச்சினை ஆகிவிடும்" என்று நழுவின. தெரிந்த ஒருவரைப் பற்றித் தெரிந்ததை எழுதினால் விசா போகும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? பின்வரிசையில் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

சரி, உங்கள் விஷயம். விசாரணை முடிந்ததும் அதே சிறைக்கே திருப்பி அனுப்பப் பரிந்துரைக்கும்படி வக்கீலை நீதிபதியிடம் கேட்கச் சொல்லுங்கள். முடிவு சிறைத்துறை கையில்தான், ஆனாலும் உத்தரவில் அந்த வரி இருக்கட்டும்.