ரோமில் அடிமைகள் சுகமாக இருந்தார்களா?

கேள்வி: பழைய ரோமாபுரியில் அடிமைகள் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் இருந்தார்கள், விடுதலை பெற்றுக் குடிமக்களாகவும் ஆனார்கள், அமெரிக்கப் பருத்தித் தோட்டக் கொடுமையெல்லாம் அங்கே கிடையாது என்கிறார் என் நண்பர். சரிதானா?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பாதி சரி. ரோமானிய அரசியல்வாதி சிசரோவின் அடிமை டைரோ கி.மு. 53-இல் விடுதலை பெற்றார். கவிஞர் ஹொரேஸின் தகப்பனார் அடிமையாக இருந்தவர்தான். ஆனால் உங்கள் நண்பர் ரோமின் வீட்டு அடிமையைக் கூட்டிவந்து அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வேலை செய்த அடிமைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். அது என்ன நியாயம்? வீட்டை வீட்டோடு வையுங்கள், சுரங்கத்தைப் பருத்திக் காட்டோடு வையுங்கள்.

ஸ்பெயினில் ரோமானியர்களுக்காக வெள்ளிச் சுரங்கம் தோண்டிய அடிமைகளைப் பற்றி அந்தக் கால கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதியிருக்கிறார். இரவு பகல் பாராமல் வேலை, ஓய்வு கிடையாது, மேற்பார்வையாளரின் அடி. உடம்பில் வலு இருந்தவர்கள் அதிக நாள் அவதிப்பட்டார்கள். உயிரோடு இருப்பதைவிடச் சாவே அவர்களுக்கு மேலாகப் பட்டது என்கிறார். பண்ணை நடத்துபவர்களுக்கு ரோமானிய அரசியல்வாதி கேட்டோ சொன்ன யோசனை இன்னும் வெளிப்படையானது: உழைத்து ஓய்ந்த மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், கிழட்டு அடிமை, சீக்காளி அடிமை, எல்லாவற்றையும் விற்றுவிடு.

சரி, வீட்டு அடிமையாவது நிம்மதியாக இருந்தாரா? கி.பி. 61-இல் ரோம் நகரின் தலைமை அதிகாரி பெடானியஸ் செகண்டஸை அவருடைய அடிமை ஒருவர் கொன்றுவிட்டார். எஜமானை அடிமை கொன்றால், அதே கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர். பெண்கள், குழந்தைகள் உட்பட. ரோம் மக்களே பொறுக்கமாட்டாமல் தெருவில் திரண்டார்கள். ரோமின் ஆட்சி மன்றமான செனட் தண்டனையை நிறுத்த இசையவில்லை. பேரரசன் நீரோ வழிநெடுகப் படைவீரர்களை நிறுத்தி, 400 பேரையும் கொலைக்களத்துக்கு அனுப்பினான்.

ரோம் அருங்காட்சியகம் ஒன்றில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் இருக்கிறது. அதில் தொங்கும் வெண்கலத் தகட்டில், ‘நான் ஓடிவந்துவிட்டேன், பிடித்துக்கொள். என் எஜமான் ஸோனினஸிடம் திருப்பி ஒப்படைத்தால் உனக்கு ஒரு பொற்காசு’ என்று பொறித்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு திரிந்தவரின் பெயர் அதில் இல்லை.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய வித்தியாசம் உண்டு. ரோமில் கிரேக்கர், சிரியர், காலியர் (இன்றைய பிரான்ஸ் பக்கத்தவர்) என்று யார் வேண்டுமானாலும் அடிமையாகலாம். விடுதலையானவரின் பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம். அமெரிக்காவில் தோலின் நிறத்தையே விலங்காக மாட்டிவிட்டார்கள். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தென் கரோலினா 1740-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அப்புறம் 1857-இல், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், விடுதலை பெற்றிருந்தாலும்கூட, அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. டைரோவுக்குத் திறந்த கதவு அங்கே பூட்டிக் கிடந்தது. கடல் பயணம் வேறு: அட்லாண்டிக் வழியே கப்பலேற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரில் கிட்டத்தட்ட 18 லட்சம் பேர் கரையைப் பார்க்கவே இல்லை.

இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம் இருக்கிறது. கிரேக்கமும் ரோமும் அடிமைகளை வைத்துத்தானே உயர்ந்த நாகரிகம் கண்டன என்று அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு வாதாடியவர்கள் வேறு யாருமல்ல, அமெரிக்கத் தென் மாநிலங்களின் அடிமை முறை ஆதரவாளர்கள்தான். அழகுபடுத்திய ரோமைக் காட்டித்தான் அவர்கள் தங்கள் பருத்திக் காட்டை நியாயப்படுத்தினார்கள். உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்.