பதில்: காலைச் செய்திகள் ரீடரில் விடுபடுவது ஏன்?

வணக்கம். ரீடர் (செய்தித் தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஆப்) 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, பின்னேரம் வெள்ளவத்தை பஸ்ஸில் திறந்தால் காலைச் செய்திகள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆப்பில் பிழை இல்லை. நீங்கள் தந்த முகவரி 'ஃபீட்' என்று முடிகிறது, ஆகவே அது பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் தளம். அதில் ஆர்எஸ்எஸ் ஃபீட் (ரீடர் எடுத்துப் படிக்கும் புதுப் பதிவுகளின் பட்டியல்) இயல்பாகக் கடைசி 10 பதிவுகளை மட்டுமே வைத்திருக்கும். புதிதாக ஒன்று ஏற, பழையது ஒன்று விழும். 12 மணித்தியாலத்துக்குள் 40 செய்தி போட்டால் 30 உங்கள் ரீடருக்கு வரவே வராது.

இடைவெளியை 1 மணித்தியாலமாக்குங்கள். டேட்டா முடிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஃபீட் வெறும் எழுத்துத்தான். டேட்டாவைத் தின்பது படங்கள். படங்களை மட்டும் வைஃபைக்கு ஒதுக்குங்கள். 'வைஃபையில் மட்டும் புதுப்பி' என்ற தெரிவு வேறு, அது ஓனில் இருந்தால் வெளியே நிற்கும் நேரமெல்லாம் எதுவும் வராது.

அதற்குப் பிறகும் விடுபட்டால், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். பின்னணியில் ஓடவிடாமல் போன்தான் நிறுத்துகிறது.

முழுத் தளத்தையும் எடுக்காமல் உள்ளூர்ச் செய்திப் பிரிவை மட்டும் எடுப்பது இன்னும் நல்லது. பிரிவுப் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சேர்த்து ரீடரில் ஒட்டுங்கள். பிரிவுக்கும் தனியாக 10 இடம் உண்டு. சினிமாச் செய்தி வந்து அதைத் தள்ளாது.