டெஸ்ட் சர்வர்களை இரவில் தானாக நிறுத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் எட்டு டெஸ்ட் சர்வர்கள் இருக்கின்றன. இரவிலும் சனி, ஞாயிறுகளிலும் சும்மா ஓடிப் பில் ஏறுகிறது. தினமும் சாயங்காலம் கன்சோலில் போய் ஒவ்வொன்றாக நிறுத்துகிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறது. கமாண்ட் லைன் வழியாக இதைத் தானாக நடக்க வைக்க முடியுமா? லைவ் சர்வரும் சேர்ந்து நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: தாராளமாக முடியும். உங்கள் பயமும் நியாயம்தான். நிறுத்துவதற்கு 'ஸ்டாப்-இன்ஸ்டன்சஸ்' என்ற ஒரே கமாண்ட் போதும். எதை நிறுத்துவது என்று அதற்குச் சொல்வதில்தான் முக்கால்வாசி வேலை.

முதலில் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை மட்டும் ஓடினால் 60 மணி நேரம்தான். ஆனால் பில் அதே விகிதத்தில் குறையும் என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சர்வர் நின்றாலும் அதன் தகவலைச் சேமித்து வைக்கும் இபிஎஸ் டிஸ்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். எலாஸ்டிக் ஐபி (மாறாத பப்ளிக் முகவரி) வைத்திருந்தால் அதற்கும் மணிக்கு 0.005 டாலர் உண்டு. எலாஸ்டிக் ஐபி இல்லையென்றால், நிறுத்தி எழுப்பும்போது பப்ளிக் ஐபி மாறிவிடும். மறுநாள் காலையில் டெவலப்பர்கள் உங்கள் மேஜைக்கு வந்து நிற்பார்கள். பிரைவேட் ஐபி மாறாது.

சரி, ஸ்கிரிப்டுக்கு, அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைலுக்கு, வருவோம். இன்ஸ்டன்ஸ் ஐடிகளை (ஒவ்வொரு சர்வருக்கும் உரிய அடையாளக் குறி) அதில் நேரடியாக எழுதாதீர்கள். ஒரு சர்வரை அழித்துப் புதிதாக உருவாக்கினால் ஐடி மாறிவிடும், ஸ்கிரிப்ட் பழைய ஐடியைத் தேடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, நிறுத்த வேண்டிய சர்வர்களுக்கு 'ஆட்டோஸ்டாப்' என்று ஒரு டேக் (அடையாளச் சீட்டு மாதிரி) போடுங்கள். 'லைவ் டேக் இல்லாததையெல்லாம் நிறுத்து' என்று தலைகீழாக எழுதுபவர்களும் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவசரத்தில் யாராவது டேக் போடாமல் ஒரு லைவ் சர்வரை ஏற்றினால், அன்றிரவே அது நின்றுவிடும். டேக் போட்டதை மட்டும் நிறுத்தும் முறையில் மறதிக்கு விலை கொஞ்சம் கூடுதல் பில், அவ்வளவுதான்.

சர்வர்களைப் பட்டியலிடும் 'டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ்' கமாண்டில் இரண்டு ஃபில்டர்கள் கொடுங்கள்: அந்த டேக், அப்புறம் 'ரன்னிங்' என்ற நிலை. வரும் பதிலில் 'ரிசர்வேஷன்ஸ்' என்ற பட்டியலுக்குள்தான் 'இன்ஸ்டன்சஸ்' இருக்கும். 'குவெரி' ஆப்ஷனில் இரண்டு அடுக்கையும் தாண்டி ஐடியை எடுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ரீஜனையும் கமாண்டிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே முடிந்துவிட வேண்டும். முதல் ஒரு வாரம் எதையும் நிறுத்தாமல் பட்டியலை மட்டும் லாகில் எழுதவிட்டுப் பாருங்கள்.

நிஜமாக நிறுத்தாமல் ஒத்திகை பார்க்க 'டிரை-ரன்' ஆப்ஷன் இருக்கிறதே என்பீர்கள். அது உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் சோதிக்கும், சரியான சர்வரா என்பது அதற்குத் தெரியாது. தவிர, அனுமதி இருந்தாலும் பதில் ஒரு எரர் வடிவில்தான் வரும். பிழை வந்தால் நின்றுவிடும்படி எழுதிய ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

உங்கள் பயத்துக்கு உண்மையான மருந்து அனுமதியில் இருக்கிறது. ஸ்கிரிப்டுக்கென்று தனியாக ஒரு ஐஏஎம் ரோல் (யார் எதைச் செய்யலாம் என்ற அமேசானின் அனுமதித் தொகுப்பு) உருவாக்குங்கள். பட்டியலிடுதல், நிறுத்துதல், எழுப்புதல் மூன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'டெர்மினேட்' வேண்டவே வேண்டாம், அது சர்வரையே அழித்துவிடும். நிறுத்தவும் எழுப்பவும் 'ஆட்டோஸ்டாப்' டேக் இருந்தால் மட்டுமே முடியும் என்று நிபந்தனையும் போடுங்கள். அப்போது ஸ்கிரிப்டில் பிழையே இருந்தாலும் லைவ் சர்வரைத் தொட முடியாது. டேக் போடும் அனுமதியை அந்த ரோலுக்குக் கொடுத்துவிடாதீர்கள், நிபந்தனைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஆக்சஸ் கீயை (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியக் குறி) ஸ்கிரிப்டுக்குள் எழுதும் பழக்கம் இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள்.

எங்கே ஓட வைப்பது? அந்த எட்டு சர்வர்களில் ஒன்றில் வேண்டாம். நின்றுபோன சர்வர் காலையில் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளாது. எப்போதும் ஓடும் ஒரு சிறிய மெஷினில் கிரான் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) போடலாம், மேலே சொன்ன ரோலை அதோடு இணைத்துவிட்டால் கீயே தேவைப்படாது. கிளவுட் லினக்ஸ் மெஷின்களில் நேரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் இரவு 8 மணி அங்கே 14.30, காலை 8 மணி 2.30. காலை 5.30க்கு முன்னால் எழுப்பச் சொன்னால் அங்கே கிழமையே மாறிவிடும், கவனம். கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்றால் முதலில் பாதையை (கமாண்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை) பாருங்கள். கமாண்டின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எழுப்பும்போது 'ரன்னிங்' என்று காட்டியதும் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உடனே வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். அடுத்த வேலை ஏதாவது இருந்தால் 'வெயிட் இன்ஸ்டன்ஸ்-ஸ்டேட்டஸ்-ஓகே' கமாண்டுக்குப் பிறகு வையுங்கள். அது 15 விநாடிக்கு ஒருமுறை என 40 முறை பார்க்கும், அப்படியும் சரியாகாவிட்டால் 255 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறும்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூரில் இதையே செய்ய நினைப்பவர்களுக்கு: அங்கே 'விஎம் ஸ்டாப்' கொடுத்தால் மெஷின் நிற்கும், வாடகை நிற்காது. 'டீஅலொகேட்' கொடுத்தால்தான் வாடகையும் நிற்கும்.

உங்கள் டெஸ்ட் டேட்டாபேஸ் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இருந்தால் அதையும் தினசரி ஸ்கிரிப்டில் சேருங்கள். கமாண்டும் அனுமதியும் அதற்குத் தனி. கையால் நிறுத்திவிட்டு நீண்ட விடுமுறைக்குப் போனால், 7 நாள் ஆனதும் அமேசானே அதை மறுபடி ஓட விட்டுவிடும்.