திரைச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது

மதிப்பிற்குரிய அம்மா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், இணைய உள்ளடக்க விநியோக நிறுவனம் ஒன்றை வகுப்புத் தோழர்களுடன் பார்வையிடச் செல்லவிருப்பதாகவும், தேர்வு நெருங்கும் வேளையில் ஒரு நாள் வீணாகுமோ என்றும், இத்துறையில் இரவுப் பணி இருக்குமோ என்றும் தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம், ஆனால் கேள்விகளோடு போகச் சொல்லுங்கள்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். ஒரு பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் இந்தப் பயணம் பலமுறை நிகழ வேண்டியிருக்கும். ஒளியை விரட்ட வழியில்லாததால், படங்களையும் காணொளிகளையும் நகலெடுத்துப் பயனருக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைத்திருப்பதே இந்நிறுவனங்களின் தொழில். இத்துறையின் முன்னோடியான அகமாய் நிறுவனம் 1998இல் உருவானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் டாம் லெய்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். ஒரு சர்வர் செயலிழந்தாலும் மற்றவற்றை அதிகம் குலைக்காமல் நகல்களைப் பங்கிடுவது எப்படி என்ற கணக்கிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அலுப்பூட்டுகிறது என்று தங்கள் மகள் சொல்லும் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் வரும், எந்தத் தரவு எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கால் முடிவுசெய்யும் ஹேஷிங் முறைதான் அந்தக் கணக்கின் வேர்.

அங்கே உலக வரைபடம் ஒளிரும், பெரிய திரைகளாலான சுவரைக் காட்டுவார்கள், மாணவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது இருக்கட்டும். கோளாறு ஏற்பட்டு அந்தத் திரை சிவப்பாகும்போது என்ன நடக்கிறது என்று கேட்பவரே அங்கிருந்து எதையாவது கொண்டுவருவார். 2021 ஜூன் 8 அன்று இதே தொழிலிலுள்ள ஃபாஸ்ட்லி நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர் தம் செட்டிங்ஸில் முறைப்படியே செய்த ஒரு மாற்றம், மென்பொருளில் அதுவரை ஒளிந்திருந்த பிழையைத் தூண்டிவிட, அவர்களுடைய நெட்வொர்க்கில் 85 சதவீதம் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பியது. 49 நிமிடங்களில் 95 சதவீதம் சீரானது. இதைச் சொல்லி, "இப்படி ஒரு நாளில் முதல் அழைப்பு யாருக்கு வரும், புதிய மாற்றத்தை முதலில் எத்தனை சர்வர்களில் சோதிப்பீர்கள், அதைத் திரும்பப் பெறும் அதிகாரம் யாருக்கு?" என்று கேட்கட்டும். பதில் சொல்பவர் இளம் பொறியாளராக இருந்தால் இன்னும் நல்லது. கோளாறு வந்தால் எந்நேரமும் அழைப்பை ஏற்கத் தயாராக இருக்க வேண்டிய ஆன்-கால் முறை மாதத்தில் எத்தனை இரவுகள் வருகிறது என்பதை மேலாளரைவிட அவரே நேர்மையாகச் சொல்வார். தாங்கள் கவலைப்படும் இரவுப் பணிக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

முந்தைய நாள் மாலை ஒரு மணி நேரம் போதும்: தான் அன்றாடம் திறக்கும் ஒரு தளத்தை, உலாவி இல்லாமலே பக்கத்தை வரவழைக்கும் கர்ல் கட்டளையால் அழைத்து, பதிலோடு வரும் தலைப்பு வரிகளை அவள் படிக்கட்டும். 'ஏஜ்' என்ற வரி இருந்தால், அந்த நகல் கேச் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் எத்தனை நொடிகளாக இருக்கிறது என்பதை அது காட்டும். பிறகு, கோரிக்கை எந்தெந்த வழியாகச் சர்வருக்குப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இவ்வளவு செய்துவிட்டுப் போகும் மாணவி கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

வேலைவாய்ப்பை அந்த ஒரு நாளில் எதிர்பார்க்க வேண்டாம். இன்டர்ன்ஷிப் தேர்வில் நெட்வொர்க்கிங், லினக்ஸ், நிரலாக்கம் ஆகியவற்றில் எதை அதிகம் சோதிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வரட்டும். அந்தப் பதிலையும், இரவு அழைப்புகளைப் பற்றிக் கேட்டபோது தனக்கு ஆர்வம் எழுந்ததா, அயர்ச்சி எழுந்ததா என்பதையும் அன்றிரவே ஒரு பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்தப் பக்கத்துடன் அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.