ஐடி வேலையில இருந்துக்கிட்டே டெரிட்டோரியல் ஆர்மில சேர முடியுமா? ஆபீஸ்ல விடுவாங்களா?

கேட்டவர் பெங்களூருன்னு போட்டிருக்கீங்க. அநேகமா முப்பது வயசு, அவுட்டர் ரிங் ரோட்டுல ஏதோ ஒரு டெக் பார்க், சில்க் போர்டு சிக்னல்ல நிக்கும்போது தோனி யூனிபார்ம்ல இருக்குற போட்டோ கண்ணுல பட்டிருக்கும். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க, நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன். தோனிக்கு 2011ல குடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல், நமக்கெல்லாம் பரீட்சை எழுதி லெப்டினன்ட்லேர்ந்துதான்.

சேர முடியும். சொந்த வேலையை விடாம, வருஷத்துல கொஞ்ச காலம் மட்டும் போய் யூனிபார்ம் போடுற ராணுவப் பிரிவுதான் அது. சொல்லப்போனா சம்பாதிக்கிறவங்களைத்தான் எடுப்பாங்க, வேலை தேடுறவங்களுக்கான இடம் இல்ல அது. டிகிரி, வயசு 18லேர்ந்து 42. எழுத்துப் பரீட்சை, பிஐபின்னு ஒரு இன்டர்வியூ, அப்புறம் எஸ்எஸ்பின்னு ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்குற போர்டு, மெடிக்கல். செலக்ட் ஆனா முதல் வருஷம் ஒரு மாசம் அடிப்படைப் பயிற்சி, வருஷா வருஷம் ரெண்டு மாசம் கேம்ப், முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள சென்னை ஓடிஏல, அதாவது ஆபீசர் பயிற்சி அகாடமில, மூணு மாசம். கணக்குப்படி முதல் ரெண்டு வருஷத்துல எட்டு மாசம் ஆபீஸ்ல இருக்க மாட்டீங்க. அதை உங்க மேனேஜர்கிட்ட சொல்ற சீனை ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாத்துட்டு மேல படிங்க.

எங்கப்பா பெங்களூரு அல்சூர்ல எம்இஜில இருந்தவர், மெட்ராஸ் சாப்பர்ஸ்னு சொல்ற ராணுவ இன்ஜினியர் படை, ஹவில்தாரா ரிடையர் ஆனார். ஊரு வேலூர்ல கம்மவான்பேட்டை பக்கம், அங்க பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். எங்க வம்சத்துல நான்தான் முதல்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவன். அந்த உறுத்தல் 36 வயசு வரைக்கும் போகவே இல்ல. 2017ல அப்ளை பண்றேன்னு சொன்னதும் அப்பா சிரிச்சிட்டாரு, "பார்ட் டைம் பட்டாளமாடா?"ன்னு. நான் கடுப்பாகி, இது 1949 அக்டோபர் 9ல ராஜாஜி கவர்னர் ஜெனரலா இருந்து தொடங்கி வச்சது, கிண்டல் பண்ணாதீங்கன்னேன். "ராஜாஜி கேம்புக்குப் போனாராடா?"ன்னாரு. என்ன பண்றது.

எழுத்துப் பரீட்சை பாஸ், புனேல பிஐபி பாஸ். எஸ்எஸ்பி மட்டும் அஞ்சு நாள், அதுக்கு லீவு வேணும். இங்கதான் தப்பு பண்ணேன், சொந்தக்காரங்க கல்யாணம்னு ஒரு மெயில் போட்டிருக்கணும், நான் நேரா போய் மேனேஜர்கிட்ட பெருமையா எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவரும் சூப்பர்னு கை குடுத்தாரு, டீம்ல எல்லாருக்கும் சொன்னாரு, ஒரு வாரத்துக்கு எனக்கு 'கேப்டன்'னு பேரு. லீவு கிடைச்சுது.

எஸ்எஸ்பி நம்ம பெங்களூரு கப்பன் ரோட்டுலயே. எங்க வீட்டுலேர்ந்து பைக்ல கால் மணி நேரம். மத்தவங்க எல்லாம் எங்கெங்கிருந்தோ ட்ரெயின் ஏறி வந்திருந்தாங்க. மங்கலா ஒரு படத்தை அரை நிமிஷம் காட்டி கதை எழுதச் சொல்ற ஸ்க்ரீனிங்லயே பாதிக்கு மேல வீட்டுக்குப் போயிட்டாங்க, நான் தாண்டிட்டேன். கடைசி நாள் கான்பரன்ஸ் முடிஞ்சு நம்பர் வாசிச்சாங்க, என் நம்பர் வரல. தேர்வாகாதவங்களை வண்டில ஸ்டேஷனுக்குக் கொண்டு போய் விடுவாங்க. எனக்கு வீடு இங்கதான் சார்னு சொல்லி இறங்கியிருக்கலாம், வாய் வரல. எல்லாரோடயும் போய் ஸ்டேஷன்ல இறங்கி, கண்ணூர் பையன் ஒருத்தனோட ட்ரெயின் வர்ற வரைக்கும் மூணு டீ குடிச்சிட்டு, ராத்திரி ஆட்டோ புடிச்சு வந்தேன். அப்பா முழிச்சிருந்தாரு. எதுவும் கேக்கல, "கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தாங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னேன். "சாப்பிடு"ன்னாரு.

அந்த வருஷ அப்ரைசல்ல எனக்கு வரவேண்டிய ப்ரமோஷன் வரல. காரணம் கேட்டா, வருஷத்துக்கு ரெண்டு மாசம் இல்லாதவரை லீடா போட முடியாதுல்லன்னாங்க. நான்தான் செலக்டே ஆகலியேங்க! அடுத்த தடவை எழுத மாட்டீங்களான்னு கேட்டாங்க. எழுதலன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், அதுக்கப்புறம் நிஜமாவே எழுதல. ஆன்சைட்னு கிளையன்ட் இடத்துக்கு ஆறு மாசம் ஆளை அனுப்புறதுக்கு பிளான் இருக்கு, இதுக்கு இல்ல. ஆகஸ்ட் 15க்கு மட்டும் கேபின் பூரா மூணு கலர் பலூன்.

சில பேர் வருவீங்க, சட்டத்துல பாதுகாப்பு இருக்கேன்னு. தெரியும், 1948 டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்துல 7ஏ பிரிவு, சர்வீஸுக்குக் கூப்பிட்டுப் போய் வந்தவங்களை பழைய வேலைல திரும்பச் சேத்துக்கணும்னு சொல்லுது. சீட்டு கிடைக்கும், ரேட்டிங் கிடைக்குமா? 2025 மே மாசம் டெரிட்டோரியல் ஆர்மியோட 32 இன்பன்ட்ரி பட்டாலியன்ல 14ஐ கூப்பிட உத்தரவு வந்துச்சே, அதுல போனவங்களுக்கு ரெண்டு மாசக் கணக்கெல்லாம் இல்ல. அதையும் யோசிச்சுக்கோங்க. பென்ஷன் நினைப்பு வேண்டாம், ஆபீசருக்கு யூனிபார்ம்லயே மொத்தம் 20 வருஷம் இருந்தாத்தான் அது.

அரசு வேலை, ரயில்வேன்னா கதை வேற, என் அனுபவம் ஒரு பிரைவேட் கம்பெனி மட்டும்தான். எல்லா மேனேஜரும் இப்படின்னு நான் சொல்லல.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனா வயிறு எரியுது. பிறகு நான் வேலையை விடறேன்னு பேப்பர் போட்டப்போ 90 நாள் நோட்டீஸ்ல ஒரு நாள்கூட குறைக்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு மாசம் நான் இல்லாட்டி ப்ராஜெக்ட் கவுந்துடும்னவங்க, அந்த மூணு மாசமும் என்கிட்ட கேடி எடுக்க, அதாவது என் வேலையைக் கத்துக்கிட்டு வாங்கிக்க, ஒரு ஆளை அனுப்பல. தினமும் போய் காபி குடிச்சிட்டு வந்தேன். ஆளைத் தூக்கணும்னா மட்டும் ஒரே மதியத்துல லேப்டாப்பை வாங்கிடுவாங்க!

உங்களுக்கு 42 ஆகலைன்னா அப்ளை பண்ணுங்க. எனக்கு இப்ப 44. கையில ஜாயினிங் லெட்டர் வர்ற வரைக்கும் ஆபீஸ்ல மூச்சு விடாதீங்க. நேர்மையில்லன்னு யாராச்சும் சொன்னா, அந்த அஞ்சு நாள் லீவுக்கு நான் குடுத்த விலையைச் சொல்லுங்க.