சென்சார் ரீடிங் ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்த ஃபில்டர் போட்டால் சுத்தமான சிக்னல் கிடைக்கும்?

ஃபில்டரை அப்புறம் பார்க்கலாம். ஆடுவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். களக்காட்டுப் பக்கம் சித்தப்பாவின் வாழைத் தோட்டத்தில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

தண்ணீர் மட்டம் தெரிவதற்காகக் கிணற்றில் பிரஷர் சென்சார் இறக்கி, மோட்டார் ரூமில் ஆர்டுயினோவோடு (ரீடிங் எடுக்கும் சின்னக் கணினிப் பலகை) இணைத்திருந்தேன். நொடிக்குப் பத்து ரீடிங். மோட்டார் ஓடும்போது மட்டம் மெதுவாகக் கால் அடி ஏறும், இறங்கும். ஒரு சுற்றுக்கு 20 நொடி போல ஆகும். அவ்வளவு நிதானமான அலை என்பதால் நிஜமென்றே நம்பிவிட்டேன். சித்தப்பாதான் பார்த்துவிட்டு, “ஏல, மோட்டார் தண்ணிய உறிஞ்சிக்கிட்டு இருக்கு, மட்டம் எப்பிடில ஏறும்?” என்றார்.

அது தண்ணீர் இல்லை, கரண்டு. சென்சார் வயரையும் மோட்டார் வயரையும் ஒரே பைப்பில் கொண்டுவந்திருந்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை, என்றாலும் கொஞ்சம் கூடிக் குறையும். 49.95 ஆக இருக்கும்போது 0.1 நொடிக்கு ஒருமுறை அளந்தால், ஒவ்வொரு முறையும் அலையின் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் பிடிப்போம்; 0.005 சுற்று மட்டும் தள்ளியிருக்கும். 200 ரீடிங் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று, அதாவது 20 நொடி. தண்ணீரே அப்படி அசைந்திருந்தாலும் ரீடிங் இதே மாதிரிதான் இருக்கும். அதனால் பிறகு உட்கார்ந்து பிரித்தெடுக்க வழியில்லை. அளக்கும்போதே தடுக்க வேண்டும்.

வயரைத் தனிப் பைப்புக்கு மாற்றினேன். முறுக்கிய ஷீல்டு வயர் (மேலே உலோக உறை போர்த்தியது), ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். ஆர்டுயினோவுக்கு முன்னால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் வைத்தேன்; இரண்டும் சேர்ந்து வேகமான அலையை அமுக்கும். 50 ஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. பெரிய வேலையைச் செய்தது அடுத்ததுதான்: அரை மில்லி நொடிக்கு ஒன்றாக 40 முறை அளந்து சராசரி எடுப்பது. அது சரியாக 20 மில்லி நொடி, மின்சாரத்தின் ஒரு முழு அலை. மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றையொன்று அடித்துவிடும். 49.95 ஆனாலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஸ்டார்ட்டர் விழும்போது வரும் ஒற்றைத் துள்ளலுக்குச் சராசரி உதவாது. 512, 513, 901, 512, 514 என்று வந்தால் சராசரி 590. வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 513. எனவே முதலில் நடு எண், அப்புறம் சராசரி.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது ஒழுங்கில்லாத இரைச்சல். 100 ரீடிங்கைச் சராசரி எடுத்தால் அது பத்தில் ஒன்றாகும். நூறில் ஒன்றாக்க 10,000 வேண்டும். கிணற்றுக்கு ஒரு நிமிடம் காத்திருக்கலாம், குற்றமில்லை. பணகுடியில் ஆடிக் காற்றை அளப்பவர் அப்படிச் செய்தால் வீச்சுக் காற்றே காணாமல் போய்விடும். அதை 3 நொடிச் சராசரியில்தான் கணக்கிடுகிறார்கள்.

உங்கள் மோட்டாரை நிறுத்தி ஐந்து நிமிடமும், ஓடவிட்டு ஐந்து நிமிடமும் பதிவு செய்து இரண்டு வரைபடத்தையும் இங்கே போடுங்கள். நொடிக்கு எத்தனை ரீடிங் என்பதையும் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.